கொஞ்சம் பின்னாடி பாருங்க

வண்டி நின்றுபோனதும் மனிதர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். "எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்டால் "ரோட்டுலதாம்மா" என்பார்கள். ரோட்டில்தான் இருப்பீர்கள், குளத்திலா இருப்பீர்கள் என்று நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிக்கொண்டு, "பக்கத்துல கிலோமீட்டர் கல்லு தெரியுதா? கடைசியா எந்த டோல்கேட் தாண்டினீங்க?" என்று கேட்பேன். சில நாள் விழுங்க மாட்டேன். அதனால்தான் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. சொல்லிப் பார்க்கட்டும்.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை, அதில் சாலை முழுவதும் ஒரு கோடாக ஓடும். யாராவது உதவி கேட்டுக் கூப்பிட்டால் அந்தக் கோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி முளைக்கும். பக்கத்தில் இருக்கும் ரோந்து வண்டியை அனுப்புவோம். ஓட்டுநர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தன் கையிலுள்ள கருவியில் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். உடனே புள்ளி பச்சையாகிவிடும். குறித்த நேரத்துக்குள் பச்சையாகாவிட்டால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த ஓட்டுநரின் பெயரை எல்லார் முன்னாலும் மேலாளர் வாசிப்பார். அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தோம். யாராவது வணக்கம் சொன்னால்கூட மணி பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

மழை பெய்கிறதா, டோல்கேட்டில் வரிசை நிற்கிறதா என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குத் தெரியாது. அதனால் எங்கள் ஓட்டுநர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே அமுக்கிவிடுவார்கள். இதற்குப் 'பச்சை போடுவது' என்று பேர். கிட்டத்தில் வந்தாச்சு, பச்சை போட்டுடு என்பார்கள். எல்லாருக்கும் தெரியும். கடிகாரத்துக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பது அவருக்கு வசதி.

பச்சையானதும் கூப்பிட்டவரிடம் "வண்டி வந்துடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த அழைப்பை எடுத்தாக வேண்டும். "எங்கம்மா, காணோமே?" என்று கேட்பார்கள். அதற்கும் எங்களிடம் பதில் இருந்தது. "கொஞ்சம் பின்னாடி பாருங்க." இந்த வாக்கியத்தை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்களே கண்டுபிடித்தோம். அவர் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் வண்டி நிஜமாகவே வந்துவிடும். மஞ்சள் விளக்கைக் கண்டதும் மனிதர்கள் கோபத்தையெல்லாம் மறந்துவிடுவார்கள். ஒருவர்கூட இதற்காகப் புகார் சொன்னதில்லை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போதுதான் அவர் கூப்பிட்டார்.

"மேடம், வண்டி பாலத்து மேல நின்னுடுச்சு. ஒண்ணுமே வேலை செய்யல, லைட்டும் எரியல."

நிதானமாகத்தான் பேசினார். எனக்குத்தான் அந்தப் பாலத்தைப் பற்றித் தெரியும். அந்த ஆற்றுப் பாலத்தில் வண்டியை ஓரம்கட்ட இடம் கிடையாது. சாலை நெடுக இருக்கிற ஒதுங்கும் பட்டை பாலம் ஆரம்பிக்கும் இடத்தில் முடிந்துவிடும். அங்கே நின்ற வண்டி நடுச்சாலையில் நின்ற மாதிரிதான்.

"சார், வண்டிக்குள்ள யாரும் உக்காரக் கூடாது. எல்லாரும் இறங்கி, சுவர் ஓரமாவே நடந்து பாலத்தைத் தாண்டிடுங்க."

"என் மிஸஸுக்குக் கால்ல மாவுக்கட்டு மேடம். டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் வர்றோம். பின் சீட்ல காலை நீட்டி உக்காந்திருக்கா. நான் ஒருத்தன் தூக்கிட்டு நடக்க முடியாது, வழுக்குது."

"அப்ப நீங்க வண்டிக்குப் பின்னாடி தள்ளி நின்னு ஏதாவது துணியை ஆட்டிட்டே இருங்க. வர்றவனுக்குத் தெரியணும். அங்கிருந்து நகராதீங்க. ஆளை அனுப்பறேன்."

"சிவப்புத் துண்டு ஒண்ணு இருக்கு மேடம். ஆட்டறேன்."

பக்கத்தில் இருந்தது என் தம்பியின் வண்டி. கூடப் பிறந்த தம்பி. மூன்று இடத்தில் வேலை பார்த்து மூன்றிலும் சண்டை போட்டுக்கொண்டு வந்தவனை, நான்தான் கடிகாரத்தின் கையைக் காலைப் பிடித்து இங்கே சேர்த்தேன். ரேடியோவில் விவரம் சொன்னேன். "பாலத்து மேலடா. உள்ள நடக்க முடியாத அம்மா ஒருத்தங்க இருக்காங்க. பறந்து போ."

"எடுத்துட்டேன்கா, நீ கவலைப்படாத" என்றான்.

நடுவில் வேறு அழைப்புகள் வந்தன. ஒருவர் டயர் வெடித்ததற்கு என்னைத் திட்டினார். நானும் பதிலுக்குக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் பாலத்துப் புள்ளி பச்சையாகிவிட்டது. பரவாயில்லையே, இந்த மழையிலும் பையன் சீக்கிரம் போய்விட்டானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாலத்துக்காரரைக் கூப்பிட்டேன்.

"சார், வண்டி வந்துடுச்சு."

"எங்க மேடம்? ஒண்ணும் தெரியலையே."

"கொஞ்சம் பின்னாடி பாருங்க. மழையில தெரியாது. பாலம் ஆரம்பிக்கற இடத்துல நிப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் நானாகச் சேர்த்தது. எந்தத் திரையிலும் அது இல்லை.

"நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா? அவங்களுக்கு இடம் தெரியுமோ என்னமோ."

அடுத்த அழைப்பு காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது. "போங்க சார்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஒன்றை எடுத்தேன், இன்னொன்றை எடுத்தேன். வேறு வேறு ஆட்கள், எல்லாரும் ஒரே கிலோமீட்டர் கல்லைச் சொன்னார்கள். பாலத்து மேல லாரி ஒரு காரை இடிச்சிடுச்சு, கார்ல ஒரு லேடி இருக்காங்க என்றார்கள். ஆம்புலன்ஸை அனுப்பினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. தம்பியை ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரையில் அந்தப் புள்ளி மட்டும் பச்சையாகவே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் போவதற்கு முன்பே அந்த அம்மா இறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கடிகாரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

"பாருங்கம்மா, நம்ம வண்டி டயத்துக்குப் போயிருக்கு. பச்சை இருக்கு. அந்த ஆள் பெண்டாட்டியை விட்டுட்டு எங்கயோ போயிட்டாரு. போலீஸ் கேட்டாலும் அதுதான், பத்திரிகைக்காரங்க கேட்டாலும் அதுதான்."

"அவர் எங்கயோ போகல சார். நான்தான் போகச் சொன்னேன்."

"அதைத்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன். உங்களுக்காகத்தாம்மா பேசறேன். உங்க தம்பிக்காகவும்."

எழுந்து வந்துவிட்டேன். வாய்க்கு வந்தபடி பேசியிருக்க வேண்டும். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் திட்டுகிற வாய், அன்றைக்குப் பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தது.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். சமையலறையில் அம்மா அவனுக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா இருந்தே?"

"டோல்கேட்லயேதான்கா. அவசர வழியில ஒரு லாரி குறுக்க மாட்டிக்கிச்சு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. நேரம் ஓடிட்டே இருந்துச்சு. இதோ விட்ருவான், இதோ விட்ருவான்னு எப்பவும் அமுக்கற மாதிரி அமுக்கிட்டேன்."

எப்பவும் அமுக்கற மாதிரி. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், ஆறடி ஆள், அப்படியே குனிந்து வாங்கிக்கொண்டான். இன்னொன்று வைக்கக் கை ஓங்கினேன். அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

"மாட்டிக்கிட்டா ரேடியோல சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நான் எதிர்ப்பக்க வண்டியை அனுப்பியிருப்பேனே. அந்த மனுஷனை நகராம நிக்கச் சொல்லியிருப்பேனே."

"சொன்னா திங்கக்கிழமை பேரு வாசிப்பாருக்கா. போன வாரமே என்னைத்தான் வாசிச்சாரு. உன் முன்னாடி." அழ ஆரம்பித்துவிட்டான். "என்னை உள்ள தள்ளிடுவாங்களாக்கா? பசங்க இருக்காங்கக்கா."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள் அம்மா. என்னைப் பார்த்து, "கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டு நீ சோறு திம்பியா?" என்று கேட்டாள்.

"காட்டிக் கொடுக்கறதுன்னா என்னையும் சேர்த்துத்தாம்மா" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. பொத்தானை அமுக்கியவன் அவன். எனக்கு என்ன வந்தது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படி நினைக்கத்தான் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் வேலைக்குப் போனேன், வந்தேன். யாரையும் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். புள்ளி பச்சையானாலும் நம்ப மாட்டேன். ஓட்டுநரைக் கூப்பிட்டு, "நிஜமாவே வந்துட்டியா? என்ன கலர் கார், சொல்லு" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் கூப்பிட்டவரிடம் சொல்வேன். நேரம் ஆகிறது என்று கடிகாரம் முறைத்தார். முறைக்கட்டும்.

ஒரு நாள் வேலை நடுவில் வரவேற்பறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே அந்தப் பாலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. பக்கத்தில் கடிகாரம், முகத்தில் ஒரு துக்கத்தை மாட்டிக்கொண்டு. நான் "வணக்கம் சார்" என்றதும் அவர் சட்டென்று நிமிர்ந்தார். குரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்கதான் அன்னைக்கு..."

"ஆமா சார்."

எழுந்து அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் மேடம். புகார் கொடுக்கல்லாம் வரல. அந்த வண்டி எங்க நின்னுச்சு?"

கடிகாரம் முந்திக்கொண்டார். "பாலத்துக்கு முன்னாடி சார், ஓரமா."

"எவ்வளவு முன்னாடி? நான் பாலத்தை விட்டு இறங்கி, வந்த வழியாவே பின்னாடி நடந்துட்டே இருந்தேன். நடக்கும்போதுதான் அந்த லாரி என்னைத் தாண்டிப் போச்சு. துண்டை ஆட்டினேன். ஓரமா நடக்கறவன் ஏதோ லிஃப்ட் கேக்கறான்னு நினைச்சிருப்பான் போல." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னும் எவ்வளவு தூரம் நடந்திருந்தா வண்டியைப் பாத்திருப்பேன்? அதைச் சொன்னா போதும்."

"அதைத் தெரிஞ்சு இப்ப என்ன சார் ஆகப் போகுது" என்றார் கடிகாரம்.

"என் பொண்ணு கேக்கறா. அம்மாவை விட்டுட்டு ஏன் போனேன்னு கேட்டா. உதவிக்கு வந்த வண்டியைத் தேடிப் போனேன்னு சொன்னேன். அப்ப வண்டி எங்க இருந்துச்சுங்கறா. எனக்குச் சொல்லத் தெரியல. பயந்து ஓடிட்டு இப்பக் கதை விடறேன்னு என் மச்சினர் சொல்றாரு. பொண்ணு அவர் வீட்லதான் இருக்கா. என்கூட வர மாட்டேங்கறா. என் பக்கத்துலகூட உக்கார மாட்டேங்கறா மேடம்."

கடிகாரம் என்னைப் பார்த்து லேசாக இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தம்பியின் முகம் வந்தது. அவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது வந்தது. இவர் நாளைக்கும் அந்தச் சாலையில் போய் நடந்து அளந்து பார்ப்பார் என்பதும் தெரிந்தது. போன வாரம் யாரோ ஒருவர் பாலத்துப் பக்கம் இங்குமங்கும் நடக்கிறார் என்று எங்களுக்கே தகவல் வந்திருந்தது.

"நீங்க எவ்வளவு தூரம் நடந்திருந்தாலும் வண்டியைப் பாத்திருக்க மாட்டீங்க சார்" என்றேன்.

"அம்மா" என்றார் கடிகாரம்.

"வண்டி வரவே இல்ல. டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிட்டு நின்னுச்சு. வராமலே வந்துட்டதா ஓட்டுநர் அமுக்கிட்டான். அது என் தம்பி. எங்ககிட்ட எல்லாரும் அப்படித்தான் அமுக்குவாங்க, அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் வந்துடுச்சுன்னு சொன்னேன். பாலம் ஆரம்பிக்கற இடத்துல நிக்கறாங்கன்னு சொன்னேனே, அதை நானா இட்டுக்கட்டிச் சொன்னேன். அங்க யாரும் நிக்கல. நகராதீங்கன்னு சொன்னதும் நான், போங்கன்னு சொன்னதும் நான்."

"அதிர்ச்சியில பேசறாங்க சார், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று கடிகாரம் எழுந்து நடுவில் வந்தார். பாலத்துக்காரர் காதில் அது விழவே இல்லை. கையை மடித்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் கேட்டார்.

"இதை என் பொண்ணுகிட்ட வந்து சொல்வீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டா."

அழைப்பு கேட்கும் ஹெட்ஃபோன் இன்னும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "இப்பப் போனீங்கன்னா திரும்பி வர வேண்டியதில்ல" என்றார் கடிகாரம். முதல்முறையாக மணி பார்க்காமல் பேசினார்.

பஸ்ஸில் போனோம். அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். என் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடிகாரம் அதற்குள் தம்பிக்குச் சொல்லியிருப்பார். எடுத்து என்ன சொல்வது? அவனுக்கு இனி தூக்கம் ஏது, எனக்கு வீடு ஏது என்று நினைத்தேன். அழுகை முட்டியது. இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

இறங்கும் இடம் நெருங்கும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"வண்டியைத் தேடிப் போறேன்னு சொன்னதும் என் மிஸஸ் வேணாம்னுதான் சொன்னா மேடம். ஒரு வெளிச்சமும் தெரியலைங்க, யாரும் வந்த மாதிரி இல்ல, போகாதீங்கன்னா. அவங்களே சொல்றாங்க, உனக்கு என்ன தெரியும், வாயை மூடிட்டு உக்காருன்னு கத்திட்டு நடந்தேன். அவகிட்ட நான் கடைசியாப் பேசினது அதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ சொன்னது சரியா தப்பான்னு இத்தனை நாள் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சு போச்சு."

உண்மையைச் சொன்னால் அவர் மனசு லேசாகும் என்று நினைத்து வந்தவள் நான். கல்லைத் தூக்கி அவர் நெஞ்சில் இன்னொரு பக்கம் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"பொண்ணுகிட்ட இது மட்டும் வேணாம்" என்றார்.

"சரி சார்."

மச்சினர் வீடு மாடியில். வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லவில்லை. சிறுமி பள்ளிச் சீருடையோடு உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்கதான் ஃபோன்ல பேசினீங்களா?"

"ஆமாம்மா."

"வண்டி வந்துச்சா?"

"வரல."

"அப்ப ஏன் வந்துச்சுன்னு சொன்னீங்க?"

திரை, புள்ளி, பச்சை, கூட்டம் என்று வாயில் வந்ததையெல்லாம் மென்று முழுங்கினேன். "பாக்காமச் சொல்லிட்டேன்" என்றேன். "உங்க அப்பா அதுவரைக்கும் அம்மாவை விட்டு நகரவே இல்ல. மழையில துண்டை ஆட்டிட்டு நின்னாரு. அம்மாவைத் தூக்க ஆள் கூட்டிட்டு வரத்தான் போனாரு. நான்தான் போகச் சொன்னேன். நான் சொல்லலைன்னா போயிருக்க மாட்டாரு."

எனக்குப் பின்னால் அவள் அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா போறப்ப அம்மா என்ன சொன்னாங்க?"

அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "எனக்குக் கேக்கலம்மா" என்றேன். அது பொய் இல்லை. அதற்குள் நான் அடுத்த அழைப்புக்குப் போயிருந்தேன்.

மச்சினர் தொண்டையைச் செருமினார். "சொல்லியாச்சுல்ல. ரெண்டு பேரும் கிளம்புங்க."

சிறுமி கதவை விட்டுவிட்டு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அவர் சட்டையில் மாற்றிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். மாமாவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அவங்க போகட்டும் மாமா. அப்பா இருக்கட்டும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.